குழந்தைக்குப் பாலியல் தொல்லை: போலீசிடம் எப்போது போவது, எந்த வரிசையில் போவது, என்ன கேட்டு வாங்குவது

இது தமிழ்நாட்டில் உள்ள பெற்றோர், ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், விடுதிக் காப்பாளர் என, ஒரு குழந்தைக்காக ஸ்டேஷன் படியேற வேண்டிய எவருக்கும் எழுதியது. 18 வயது நிறையாத எல்லோருமே இங்கே குழந்தைதான், ஆணானாலும் பெண்ணானாலும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், அதன் 2020 விதிகள், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். ஆகியவற்றை வைத்து இதை எழுதியிருக்கிறேன்.

குழந்தைகளோடு ஸ்டேஷனுக்கும் ஜி.எச்.சுக்கும் கோர்ட்டுக்கும் போய்வருகிறவர் யாரைக் கேட்டாலும் ஒன்றைச் சொல்வார்: நடந்ததைக் குழந்தை எத்தனை பேரிடம் சொல்ல நேர்கிறதோ, அத்தனை முறை அதற்கு வலிக்கிறது, வழக்கும் அத்தனை முறை பலவீனமாகிறது. கீழே உள்ள வரிசை அந்த எண்ணிக்கையைக் குறைப்பதற்காகவே.

1. முன்பே கையில் இருக்க வேண்டியவை

உங்கள் பகுதிக்கான அனைத்து மகளிர் காவல் நிலையம் எது என்று இன்றே விசாரித்து வையுங்கள். போக்சோ வழக்குகள் பெரும்பாலும் அங்கேதான் போகின்றன, ஆனால் பலருக்கு வீட்டுப் பக்கத்து ஸ்டேஷன் மட்டுமே தெரியும். இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். மாவட்ட அளவில் டி.எஸ்.பி. தலைமையில் சிறப்புச் சிறார் காவல் பிரிவும் இருக்க வேண்டும். பள்ளி நடத்துகிறவர்கள் அந்த அலுவலரின் பெயரையும் எண்ணையும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பது நல்லது.

எண்கள்: அவசரத்துக்கு 112, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098, பெண்களுக்கு 181, இணையவழிக் குற்றத்துக்கு 1930, பள்ளி தொடர்பான புகாருக்கு 14417, இலவச சட்ட உதவிக்கு 15100.

வயதுச் சான்றும் வேண்டும். சட்டம் முதலில் பார்ப்பது பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றை அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழை, அடுத்ததாக உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றிதழை. ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். குழந்தை பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்ததானால் சாதிச் சான்றிதழின் நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிரிவுகளைச் சேராதவர் செய்த குற்றமானால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும், விசாரணை டி.எஸ்.பி. அளவுக்குப் போகும். இவை எதுவும் இல்லாவிட்டாலும் புகார் கொடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். சான்றுகளைப் பிறகு தரலாம்.

2. நடப்பதற்கு முன்பே போகலாம்

இதை அறியாததால் இழக்கும் வாய்ப்புகள்தான் அதிகம். ‘குற்றம் நடந்துவிட்டது’ என்று தெரிந்தால் மட்டுமல்ல, ‘நடக்கக்கூடும்’ என்று அஞ்ச நியாயம் இருந்தாலே போலீசிடம் சொல்ல வேண்டும் என்கிறது போக்சோவின் 19ஆம் பிரிவு. போலீஸ் குற்றத்தைத் தடுக்கும் இடமும் இதுதான்.

பள்ளி வாசலில் தினமும் நின்று ஒரு சிறுமியையே பின்தொடர்கிற ஆள், பையனுக்கு இரவில் ஆபாசப் படம் அனுப்புகிற பயிற்சியாளர், ‘உன் படத்தை வெளியிடுவேன்’ என்று மிரட்டுகிற இன்ஸ்டாகிராம் கணக்கு. இவை ‘இன்னும் எதுவும் நடக்காத’ நிலைகள் அல்ல. பாலியல் நோக்கத்தோடு குழந்தையைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும், அப்படித் தொடர்புகொள்வதும், ஆபாசம் காட்டுவதும் 11ஆம் பிரிவின் கீழ் ஏற்கெனவே குற்றம். 3 ஆண்டு வரை சிறை உண்டு.

பெரும்பாலான வழக்குகளில் ஆள் குழந்தைக்குத் தெரிந்தவர்தான். தெரிந்தவர் நெருங்குவதற்குக் காலம் எடுத்துக்கொள்கிறார்: பரிசு, தனிமை, ரகசியம், பிறகு தொடுதல். ரகசியம் என்ற கட்டத்தில் யாராவது ஸ்டேஷனுக்குப் போயிருந்தால் தொடுதல் வரை வந்திருக்காது. ‘சந்தேகத்தை வைத்துக்கொண்டு எப்படிப் போவது’ என்று தயங்காதீர்கள். நல்ல நம்பிக்கையில் தகவல் கொடுத்தவர் மீது வழக்குத் தொடர முடியாது என்று அதே 19ஆம் பிரிவு சொல்கிறது.

பள்ளி, டியூஷன் சென்டர், விளையாட்டு அகாடமி, காப்பகம் நடத்துகிறவர்களுக்கு இன்னொரு கடமை உண்டு. குழந்தைகளோடு பழகும் ஒவ்வொரு ஊழியரையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் போலீஸ் சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும் என்று 2020 விதிகள் சொல்கின்றன. வேன் டிரைவர், வாட்ச்மேன், சமையல்காரர் எல்லோரும் இதில் அடக்கம். இதற்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையிலேயே விண்ணப்பிக்கலாம். பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். கேட்டால்தான் செய்வார்கள்.

3. குழந்தை வாய் திறந்த முதல் மணி நேரம்

குழந்தை சொல்வதைக் கேளுங்கள், குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள். ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்பது போதும். ‘அந்த மாமா இங்கே தொட்டாரா?’ என்று நீங்களே பதிலை வாயில் போட்டால், பின்னால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ‘அம்மா சொல்லிக்கொடுத்தது’ என்பார். விவரம் கேட்பது போலீசின் வேலை. அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

குழந்தை பயன்படுத்திய சொற்களை அப்படியே, தேதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். அது ‘சூச்சா போற இடம்’ என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். நாகரிகமாக மாற்றி எழுதினால் அது குழந்தையின் பேச்சாக இல்லாமல் உங்கள் பேச்சாகிவிடும்.

அடிக்கடி நடக்கும் தவறு, குழந்தையை அத்தை, தாத்தா, வகுப்பாசிரியர் என வரிசையாக எல்லோர் முன்னாலும் சொல்ல வைப்பது. இன்னொன்று, குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு நேருக்கு நேர் நிறுத்துவது. அந்த ஒரு சந்திப்பிலேயே பயந்துபோய், அதன் பிறகு பேச மறுத்துவிட்ட குழந்தைகள் உண்டு. ஆளும் உஷாராகி போனில் இருந்ததை அழித்துவிடுவார்.

4. தடயத்தைக் கெடுக்காமல் வைப்பது

உடல் சார்ந்த குற்றம் அண்மையில் நடந்திருந்தால், மருத்துவமனை போகும் வரை குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டாம். உடுத்திய துணியைத் துவைக்க வேண்டாம். துணியைப் பழைய செய்தித்தாளிலோ காகிதப் பையிலோ சுற்றுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், மாதிரி வீணாகும். ஏற்கெனவே குளிப்பாட்டித் துவைத்தாயிற்று என்றாலும் கவலை வேண்டாம், போங்கள். மருத்துவத் தடயம் இல்லாமலேயே குழந்தையின் நம்பகமான சாட்சியத்தின் பேரில் தண்டனை கிடைத்த வழக்குகள் உண்டு.

போனில் வந்த மிரட்டல் என்றால் எதையும் அழிக்காதீர்கள். அந்தக் கணக்கை பிளாக் செய்வதற்கு முன்னால் அதன் பெயர், இணைப்பு முகவரி, உரையாடல் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆனால் குழந்தையின் அந்தரங்கப் படத்தை ‘ஆதாரத்துக்கு’ என்று யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள், குடும்ப வாட்ஸ்ஆப் குழுவுக்கும் கூடாது. அனுப்புவது குற்றம். வைத்திருப்பதும் பார்ப்பதுமே குற்றம் என்று 2024 செப்டம்பரில், சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போனையே போலீசிடம் ஒப்படையுங்கள், ஒப்படைத்ததற்கு எழுத்து வாங்குங்கள்.

5. முதலில் மருத்துவமனையா, ஸ்டேஷனா?

ரத்தம், வலி, மயக்கம் என்றால், அல்லது சம்பவம் நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால், முதலில் மருத்துவமனை. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், கருத்தடை மாத்திரைக்கும் காலக்கெடு உண்டு. நாள்கள் பல கடந்துவிட்ட சம்பவம் என்றால் ஸ்டேஷனுக்கு முதலில் போகலாம்.

‘எஃப்.ஐ.ஆர். கொண்டு வாருங்கள்’ என்று மருத்துவமனை திருப்பி அனுப்பக் கூடாது. அவசரச் சிகிச்சைக்கு எந்தக் காகிதத்தையும் நிபந்தனையாகக் கேட்கக் கூடாது என்பது விதி. எஃப்.ஐ.ஆர். போடும் முன்பே மருத்துவப் பரிசோதனை செய்யலாம் என்கிறது 27ஆம் பிரிவு. அரசு, தனியார் என எந்த மருத்துவமனையும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தர வேண்டும். அங்கிருந்தே போலீசுக்குத் தகவல் போகும்.

பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடன் இருக்கலாம். இரு விரல் சோதனை என்ற கொடுமைக்கு எங்கும் இடமில்லை. 2022 அக்டோபரில், அதைச் செய்கிறவர் ஒழுங்கீனக் குற்றவாளி ஆவார் என்றே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யாராவது முனைந்தால் உடனே தடுங்கள்.

6. புகார்: சி.எஸ்.ஆர். வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு

புதிதாகப் போகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

புகாரை எழுதியே கொண்டு போங்கள். ஒரு பக்கம் போதும். யார் குழந்தை, வயது என்ன, என்ன நடந்தது என்று குழந்தை சொன்னது, எப்போது, எங்கே, யார், உங்களுக்கு எப்போது தெரிந்தது. சட்டப் பிரிவு எண்களை எழுதத் தேவையில்லை. தேதி நினைவில்லாவிட்டால் ஊகித்து எழுதாமல் ‘பொங்கல் லீவுக்குப் பிறகு’ என்பது போல எழுதுங்கள். தப்பான தேதி பின்னால் பெரிய ஓட்டையாகும். புகார் கொடுக்கக் குழந்தையை அழைத்துப் போக வேண்டியதில்லை. தகவல் தெரிந்த எவரும் கொடுக்கலாம்.

ஸ்டேஷனில் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது (மனு வந்தது என்பதற்கான ரசீது மட்டுமே, வழக்குப் பதிவு அல்ல) தந்து, ‘விசாரித்துக் கூப்பிடுகிறோம்’ என்று அனுப்புவது பல மனுக்களுக்கு வழக்கம். போக்சோவுக்கு அது போதாது. பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. ‘மேடம், எஃப்.ஐ.ஆர். நகல் வாங்கிட்டுப் போறோம்’ என்று மரியாதையாக, ஆனால் நகராமல் கேளுங்கள். நகல் இலவசம்.

‘சம்பவ இடம் எங்கள் எல்லையில் இல்லை’ என்பது காரணமாகாது. எல்லை எதுவானாலும் பதிவு செய்து, உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். மறுத்தால் அதே புகாரை மாவட்ட எஸ்.பி.க்கு, மாநகரமானால் ஆணையருக்கு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அடுத்தது மாஜிஸ்திரேட். போக்சோ தகவலைப் பதிய மறுக்கும் அதிகாரி மீதே 21ஆம் பிரிவின் கீழ் நடவடிக்கை எடுக்கலாம். இதை முதல் நிமிடமே மிரட்டலாகச் சொல்லாதீர்கள். அதே அதிகாரியோடுதான் பல மாதம் பேச வேண்டியிருக்கும். நல்ல புலனாய்வு அதிகாரி அமைந்தால் பாதி பாரம் இறங்கிவிடும், அப்படிப்பட்டவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

வெளியே வரும் முன் எஃப்.ஐ.ஆரை நிதானமாகப் படியுங்கள். குழந்தையின் வயது, குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர், போக்சோ பிரிவு மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். புலனாய்வு அதிகாரியின் பெயர், பதவி, எண், அவருக்கு மேலுள்ள அதிகாரி யார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதைச் சொல்வது அவர்கள் கடமை.

பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. ‘முதலில் உள் விசாரணை, பிறகு போலீஸ்’ என்ற வரிசை சட்டத்தில் கிடையாது. தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தைச் சொல்லாமல் விட்ட நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. பள்ளியின் பெயரைக் காப்பதாக நினைத்துக் கழிக்கிற ஒவ்வொரு நாளும் குழந்தைக்குச் செய்கிற துரோகம்.

7. குழந்தையின் வாக்குமூலம்

இதைக் குழந்தையின் வீட்டிலோ, குழந்தை விரும்பும் வேறு இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். கூடியவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல், மஃப்டியில் வர வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடன் இருக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணில் படும்படியும் விடக் கூடாது.

‘போலீஸ் ஜீப்பில் வராதீங்க மேடம், தெருவுல பேச்சாயிடும்’ என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். ஆடியோ-வீடியோ பதிவையும் கேளுங்கள். முடிந்த இடங்களில் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பதிவு இருந்தால் குழந்தையை மறுபடி மறுபடி கேட்கும் தேவை குறையும்.

நேரத்தையும் பாருங்கள். பசியிலோ தூக்கத்திலோ இருக்கும் குழந்தை ‘தெரியாது’ என்றுதான் சொல்லும், அதுவே பதிவாகும். சாப்பிட வைத்து, பிடித்த பொம்மையைக் கையில் கொடுத்து உட்கார வையுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கலாம், இடையில் பேசக் கூடாது. உங்கள் முன் பேசக் கூச்சப்படும் குழந்தையும் உண்டு, குறிப்பாகப் பத்து வயதுக்கு மேல். அப்போது சித்தியோ ஆசிரியையோ இருக்கட்டும். மாற்றுத்திறன் குழந்தைக்குச் சிறப்புக் கல்வியாளரையோ சைகைமொழி பெயர்ப்பாளரையோ ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

முடிந்ததும் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். குழந்தையின் சொல் அப்படியே இருக்கிறதா, அல்லது ‘பாலியல் இச்சையுடன்’ போன்ற ஸ்டேஷன் மொழியாக மாறிவிட்டதா என்று பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளை அப்படிப் பேசாது என்பது நீதிபதிக்கும் தெரியும்.

பையன்கள் விஷயத்தில் ‘ஆம்பளப் பிள்ளைதானே’ என்ற அலட்சியம் வீட்டிலும் ஸ்டேஷனிலும் இன்னும் இருக்கிறது. சட்டத்தில் அந்த வேறுபாடு இல்லை. ஒரு பிரிவையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

8. 24 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டியது

போலீஸ் 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டார்களா என்று மறுநாள் கேளுங்கள்.

நலக் குழு என்றதும் ‘பிள்ளையை ஹோமில் போட்டுவிடுவார்கள்’ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டில் இருந்தாலோ, குழந்தைக்குப் பாதுகாப்பான ஆதரவு இல்லாவிட்டாலோதான் குழந்தையை நேரில் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். அப்போதும் குழந்தையின் விருப்பத்தைக் கேட்ட பிறகே முடிவு. வீட்டில் தந்தையோ மாமாவோ குற்றவாளி என்றால், வீட்டை விட்டுப் போக வேண்டியவர் அவர்தான் என்று குழுவிடம் வலியுறுத்துங்கள்.

குழுவிடம் இரண்டு கேளுங்கள். ஒன்று, ஆதரவு நபர். விசாரணை முதல் தீர்ப்பு வரை குடும்பத்தோடு நடக்க நியமிக்கப்படுபவர் இவர். இரண்டு, உணவு, பயணம், அவசரத் தேவைகளுக்கான சிறப்பு நிவாரணம். குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. தினக்கூலி போய்விடும் என்பதற்காகவே வழக்கை விட்டுவிடும் குடும்பங்களுக்கு இந்தத் தொகை பெரிய பிடிமானம்.

9. மாஜிஸ்திரேட் முன்

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, இப்போது பி.என்.எஸ்.எஸ். 183ஆம் பிரிவு. குழந்தை சொல்வதை மாஜிஸ்திரேட் நேரடியாகப் பதிவார். போகும் முன் ஒத்திகை பார்க்காதீர்கள். ‘ஒரு அம்மா கேட்பாங்க, நடந்ததைச் சொல்லு, ஞாபகம் இல்லன்னா ஞாபகம் இல்லன்னு சொல்லலாம்’ என்பது போதும். தண்ணீரும் தின்பண்டமும் எடுத்துப் போங்கள், காத்திருக்க நேரும்.

10. ஜாமீன், மிரட்டல், சமாதானம்

கைது, ஜாமீன் மனு, விடுதலை, விசாரணைத் தேதி ஆகியவற்றைக் குடும்பத்துக்கும் ஆதரவு நபருக்கும் போலீஸ் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். வாரம் ஒருமுறை புலனாய்வு அதிகாரிக்குப் போன் செய்யுங்கள், பேசிய தேதியை ஒரு நோட்டில் குறியுங்கள்.

இரண்டு காலக்கெடுக்களை மறக்காதீர்கள். போக்சோ 4, 6, 8, 10 பிரிவு வழக்குகளில் (உடல்ரீதியான பாலியல் தாக்குதல்களுக்கான பிரிவுகள் இவை) புலனாய்வை 2 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். சிறையில் இருப்பவர் மீது, குற்றத்தின் தன்மையைப் பொறுத்து, 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் அவர் ஜாமீன் கேட்கும் உரிமை பெற்றுவிடுவார். தடயவியல் அறிக்கை வரவில்லை என்று தள்ளிப்போவதைக் கண்டால் நாற்பதாம் நாளிலேயே டி.எஸ்.பி.யைப் பாருங்கள்.

ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். ‘பொம்பளப் பிள்ளை வாழ்க்கை, பணத்தை வாங்கிட்டு முடிச்சுக்கோங்க’ என்பார்கள். சில சமயம் அதே ஆளுக்கே கட்டிவைக்கச் சொல்வார்கள். கட்டப்பஞ்சாயத்தில் போக்சோ வழக்கு முடியாது. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான வழக்கைச் சமரசத்தின் பேரில் ரத்து செய்த உத்தரவை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கி, வழக்கை மீண்டும் நடத்த வைத்தது. யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று குறித்து போலீசிடம் கொடுங்கள். மிரட்டல் இருந்தால் ஜாமீன் ரத்து கேட்கலாம், 2018ஆம் ஆண்டின் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழும் மனு செய்யலாம்.

குழந்தையின் பெயர், பள்ளி, தெரு, படம் எதுவும் ஊடகத்திலோ முகநூலிலோ வரக் கூடாது. நியாயம் கேட்டு நல்லெண்ணத்தில் போடும் பதிவுகூடக் குழந்தையை அடையாளம் காட்டினால் குற்றமாகிவிடும்.

11. விசாரணையும் இழப்பீடும்

வழக்கு, மாவட்டத்தின் போக்சோ நீதிமன்றத்திலோ மகளிர் நீதிமன்றத்திலோ நடக்கும். அரசு வழக்கறிஞர் இருந்தாலும் உங்களுக்கென ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம். வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும். விசாரணை மூடிய அறையில் நடக்கும். குழந்தை குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்காதபடி திரை அல்லது வீடியோ ஏற்பாடு இருக்க வேண்டும். வழக்கறிஞர்கள் கேள்விகளை நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். முதல் நாளைக்கு முன்பே ஆதரவு நபரோடு குழந்தையை அழைத்துப் போய்க் காலி நீதிமன்ற அறையைக் காட்டி வாருங்கள். நாற்காலி எங்கே, கழிப்பறை எங்கே என்று தெரிந்திருந்தாலே பயம் பாதி குறையும்.

இழப்பீட்டுக்குத் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டாம். எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீடு கேட்டு மனு போடலாம். குற்றவாளி விடுதலையானாலும், பிடிபடாவிட்டாலும்கூட இழப்பீடு உண்டு. உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் தொகை வர வேண்டும். மனு போடும்போதே குழந்தையின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி, பாஸ்புக் நகலை இணைத்துவிடுங்கள். உத்தரவு வந்தும் கணக்கு இல்லாததால் மாதக்கணக்கில் தொகை தேங்கி நிற்பது வழக்கமாக நடக்கிறது.